கடுகை டப்பாவுல பூட்டி வைக்காதீங்க (சின்ன கார் சேகரிப்பாளர் கூட்டத்துல பேசினது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எனக்கு முன்னாடி அருமையா வாழ்த்துரை சொன்ன மூத்த சேகரிப்பாளர் ஐயா அவர்களே (பல வருஷமா சேர்த்ததையெல்லாம் இன்னைக்கு நமக்காக மூணு மேஜை நிறைய பரப்பி வச்சிருக்காரு, அவருக்கு ஒரு பலத்த கைத்தட்டு குடுங்க), காலையில இருந்து நாற்காலி போட்டு ஓடியாடி வேலை பாத்த தம்பி தங்கைகளே, முன்வரிசையில உக்காந்திருக்க குழந்தைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். சின்ன கார் நம்மள ஏன் இழுக்குது, நிஜ ரோட்டுல ஓடுற சின்ன காருக்கும் பொம்மை காருக்கும் என்ன உறவு, இதுல புரள்ற பணம் நல்லதா கெட்டதா.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு சொல்வாங்க, இந்தப் பழமொழிக்கு கை கால் முளைச்சு வந்த மாதிரி ஒரு கதை இருக்கு. 1947-ல லண்டன்ல லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித்னு ரெண்டு நண்பர்கள், பேருதான் ஒண்ணு, சொந்தக்காரங்க கிடையாது, ரெண்டு பேரோட முதல் பேரையும் வெட்டி ஒட்டி லெஸ்னினு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அச்சுல உலோகம் வார்க்கத் தெரிஞ்ச ஜாக் ஓடெல் அவங்களோட சேர்ந்தாரு. அவரோட பொண்ணு படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரு விதி, தீப்பெட்டிக்குள்ள அடங்குற பொம்மைய மட்டும்தான் கொண்டு வரலாம். நாமளா இருந்தா என்ன பண்ணுவோம், "போம்மா, வீட்டுக்கு வந்து விளையாடு"ன்னு சொல்லிட்டு நம்ம வேலையப் பாப்போம். அந்த மனுஷன் அப்படி விடல. அவங்க கம்பெனி ஏற்கனவே பெருசா ஒரு ரோட் ரோலர் பொம்மை போட்டுக்கிட்டிருந்துச்சு, அதையே சுருக்கி, தீப்பெட்டிக்குள்ள வைக்கிற அளவுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தாரு, இது 1952 வாக்குல. அத வகுப்புல பாத்த பிள்ளைங்க எல்லாம் எனக்கு உனக்குன்னு கேட்க, 1953-ல ரோட் ரோலர், மண்ணு கொட்டுற டம்பர், சிமென்ட் மிக்ஸர்னு மூணு வண்டியோட மேட்ச்பாக்ஸ் வரிசை வெளிய வந்துச்சு. பெட்டிக்குள்ள அடங்கணும்ங்கிறது தான் சட்டம், அதனால பஸ்ஸும் காரும் ஏறக்குறைய ஒரே அளவுல இருக்கும், ஸ்கேல் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராது, எந்தக் குழந்தையும் அதக் குத்தம் சொன்னதில்ல. ஒரு அப்பா தன் பொண்ணுக்கு செஞ்சது உலகம் முழுக்க போச்சு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!

ஏன் இழுக்குதுன்னா, 1943-ல விலங்குகளோட நடத்தைய ஆராய்ஞ்ச கான்ராட் லாரன்ஸ் ஒண்ணு எழுதினாரு, பெரிய கண்ணு, உருண்டை நெத்தி, குட்டி உடம்பு இதெல்லாம் பாத்தா நமக்குள்ள தூக்கிக் கொஞ்சணும்னு தோணும்னு. 1959-ல வந்த மினி காரோட முகத்தப் பாருங்க, அந்த ரெண்டு உருண்டை லைட்டு, அப்படியே குழந்தை முகம். ஆனா அழகுக்காக அது சின்னதாகல. 1956-ல சூயஸ் கால்வாய் பிரச்சினையில பெட்ரோல் தட்டுப்பாடு வந்துச்சு, அதுக்கப்புறம் கம்மியா குடிக்கிற வண்டி வேணும்னாங்க, மினிய வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ் எஞ்சினை குறுக்கால திருப்பி வச்சு, பத்து இஞ்ச் வீல் போட்டு, மூணு மீட்டர் சொச்சத்துல நாலு பேர உக்கார வச்சாரு. பீல் பி50-ன்னு ஒண்ணு 1962-ல வந்துச்சு, நீளமே 137 சென்டிமீட்டர், ரிவர்ஸ் கியர் கிடையாது, பின்னாடி கைப்பிடிய புடிச்சு நாமளே இழுத்துத் திருப்பிக்கணும். ரெண்டாவது விஷயத்த இதோட நிறுத்திக்கிறேன், ஏன்னா நான் இங்க வந்ததே வேற ஒண்ணு சொல்றதுக்கு.

போன கண்காட்சியில ஒரு சின்னப் பையன், அஞ்சு வயசு இருக்கும், ஒரு மேஜை முன்னாடி நின்னு "தொட்டுப் பாக்கலாமா?"ன்னு கேட்டான். "தொடாத, கார்டு மடங்கிரும்"னு பதில் வந்துச்சு, கார ஒட்டி விக்கிற அட்டையத்தான் சொன்னாங்க. பையன் கைய பின்னாடி கட்டிக்கிட்டான். அத என்னால மறக்க முடியல. எங்கிட்ட ஒரு சின்ன கார் இருக்கு, கூரை ஓரத்துல பெயிண்ட் போயி வெள்ளி மாதிரி உலோகம் தெரியும், ஒரு ஆக்ஸில் லேசா வளைஞ்சு இடது பக்கமா இழுக்கும், அது எந்தப் படிக்கட்டுல இருந்து விழுந்துச்சுன்னு கூட எனக்குத் தெரியும். ப்ளிஸ்டர்னு சொல்ற அந்த பிளாஸ்டிக் மூடிய பிரிக்காம வச்சிருக்க மத்ததப் பத்தி சொல்லச் சொன்னா வாங்கின தேதி மட்டும்தான் வரும். 1968-ல ஹாட் வீல்ஸ்ங்கிற பொம்மை கார் வரிசை 16 காரோட வந்தப்ப, மெல்லிசான கம்பி ஆக்ஸில் போட்டு, உராய்வு கம்மியான பிளாஸ்டிக் வச்சு அவ்வளவு மெனக்கெட்டது எதுக்கு? ஓடுறதுக்கு! அட்டையில தொங்குறதுக்கா ஆக்ஸில் செய்வாங்க?

பூட்டி வச்சா பத்திரம்னு நினைக்கிறோம். இரண்டாம் உலகப்போருக்கு முந்தின டிங்கிங்கிற பிரிட்டிஷ் பொம்மை கார்கள சேர்க்குறவங்களக் கேளுங்க. வார்த்த துத்தநாகக் கலவையில கொஞ்சம் ஈயம் கலந்து போச்சுன்னா, பல வருஷம் கழிச்சு உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டு, யாரு கையும் படாமலே, பெட்டிக்குள்ளயே உதிர்ந்து போயிரும். ஜின்க் பெஸ்ட்னு சொல்றது அதத்தான். குழந்தை விளையாடி தேஞ்சிருந்தா கூட ஒரு கணக்கு இருந்திருக்கும். கடுகு காரம்தான், ஆனா டப்பாவுலயே கிடந்தா அந்தக் காரம் யாருக்குத் தெரியும்?

மூணாவது விஷயமான பணத்தப் பத்தி இன்னொரு நாள் பேசுவோம், தலைவர் அனுமதிச்சா. இன்னைக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். உங்ககிட்ட ஒரே மாடல் ரெண்டு இருந்தா, ஒண்ணப் பிரிச்சு ஒரு குழந்தை கையில குடுங்க. புதுசா குடுங்க, ரொம்பப் பழசு வேணாம், பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். மூணு வயசுக்குக் கீழ இருக்க பிள்ளைங்களுக்கும் வேணாம், வீல் கழண்டு வாயில போயிரும். வாசல்ல ஒரு அட்டைப்பெட்டி வச்சிருக்கோம், செயலாளர் அம்மா பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. என் பையில பிரிக்காத ஆறு வண்டி இருக்கு. முன்வரிசைப் பிள்ளைங்க மேல வாங்க, இத நீங்களே பிரிங்க.