சத்தம் எப்போது வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப்புகளோடு பழகியவன் நான். அந்த வண்டிகளின் அடியில் ஏதாவது ஒரு சத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதில் எதைப் பொறுக்கலாம், எதற்கு உடனே வண்டியை நிறுத்தவேண்டும் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

"அண்ணே, கீழே உறுமுது" என்று ஓட்டுநர் வந்தால் நான் ஸ்பேனரை எடுப்பதில்லை. எப்போது உறுமுகிறது என்று கேட்பேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு குரல், காலை எடுத்தால் வேறு குரல் என்று ஊளையிட்டால், அச்சின் நடுவிலுள்ள ஹவுசிங்குக்குள் சுழற்சியைச் சக்கரங்கள் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் மேல் சந்தேகம் போகும். கால் எப்படி இருந்தாலும் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் வீல் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் முதலில் வலப்பக்கப் பேரிங்கைப் பாருங்கள். ரோடு மாறியதும் குரல் மாறினால் அது டயர்தான்; பேரிங்கைத் தொடவேண்டாம்.

முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டங்' என்று ஒரு அடி, மெதுவாக உருட்டும்போது கிரீச் கிரீச் என்று ஒரு முனகல். இந்த இரண்டையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் நீள ஷாஃப்டின் முனையில், அது கோணத்திலும் சுற்ற உதவும் சிலுவை வடிவ மூட்டான கிராஸில் கிரீஸ் வற்றியிருக்கும். குனிந்து பார்த்தால் கிராஸின் முனைகளை மூடும் கப்பைச் சுற்றித் துருத்தூள் செம்மண் போலப் படிந்திருக்கும். கிராஸ் சின்னச் சாமான்தான். ஆனால் ஆட்களோடு மலை ஏறும்போது அது உடைந்தால் ஷாஃப்ட் கழன்று அடியில் அடிக்கும். நினைத்தாலே எனக்குப் பதறும்.

நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் வீல் லீவரைப் போட்டுக் காய்ந்த தார் ரோட்டில் திரும்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கும், கடகடக்கும், லீவர் கழல மறுக்கும். இது பழுது இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின்னவற்றைவிட அதிக தூரம் ஓடவேண்டும். இந்த ஜீப்புகளில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படுவதால் அந்த முறுக்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. நேராகக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் லீவர் விட்டுவிடும். சேறு, மணல், ஈரப் புல் தவிர வேறெங்கும் ஃபோர் வீல் வேண்டாம்.

அப்புறம், ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவைத்து, ஃபோர் வீலில் கியர் போட்டுச் சத்தம் கேட்காதீர்கள். தரையில் இருக்கும் சக்கரங்கள் வண்டியை நகர்த்திவிடும்.

ஒரு ஜீப் என் மனதை விட்டுப் போகவே இல்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தரையெல்லாம் அதிர ஒரு உறுமல். டூ வீலில்தான் ஓடியது என்பதால் பின்பக்கம்தான் என்று முடிவுகட்டி, வேறொரு பட்டறையில் பின் கிரவுன் பினியனையே மாற்றியிருந்தார்கள். உறுமல் அப்படியே இருந்தது. முன் சக்கரத்தை அச்சிலிருந்து விடுவித்துத் தனியாகச் சுழலவிடும் ஃப்ரீ வீல் ஹப் இல்லாத வண்டி அது. அதனால் டூ வீலிலும் சக்கரம் சுற்றச் சுற்ற முன் ஷாஃப்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். சத்தம் சுத்தமாக நின்றது.

கிராஸ் இரண்டும் நன்றாகவே இருந்தன. முன்பு எப்போதோ ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து மாட்டியவர்கள், கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனைக் கவைகளையும் ஒரே நேர்கோட்டில் வைக்காமல், இரு பாதிகளும் சேரும் இடத்தில் பல்லை மாற்றிச் சொருகியிருந்தார்கள். ஒரு முனை கொடுக்கும் தள்ளாட்டத்தை மறுமுனை சரிக்கட்டவேண்டும். அந்த நேர்கோடு மாறினால் இரண்டும் கூடிக்கொள்ளும். உருவித் திரும்பச் சொருக அரை மணி நேரம் ஆனது. பாகம் எதுவும் வாங்கவில்லை. அன்றிலிருந்து ஷாஃப்டைப் பிரிக்கும் முன் இரண்டு பாதியிலும் பஞ்ச் என்ற கூர் உளியால் ஒரு புள்ளி தட்டிவிட்டுத்தான் உருவுகிறேன். வணக்கம்.