உறுதி கிடைக்கும் வரை காத்திருக்க முடியாது

நேயர்களுக்கு வணக்கம்.

1985 நவம்பர் 13. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு வெடித்தது. உச்சியில் உறைந்திருந்த பனி உருகி, சேறும் பாறையுமாக ஆற்றுப் பள்ளத்தில் இறங்கியது. எழுபது கிலோமீட்டருக்கும் மேல் ஓடி அர்மேரோ நகரை அடைய அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் கூடுதலாகப் பிடித்தது. நடந்தே மேட்டுக்குப் போயிருக்கலாம். போகச் சொல்லி உத்தரவு வரவில்லை. 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த நகரம் ஆபத்துப் பகுதியில் இருப்பதை முந்தைய மாதமே வரைபடமாகப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பிறகு ஏன் தயக்கம்? ஊரையே கிளப்பிவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால் யார் பதில் சொல்வது என்ற அச்சம்தான். அதை நான் அற்பமாக நினைக்கவில்லை. 1976-ல் குவாதலூப் தீவில் எரிமலைக்குப் பயந்து 70,000-க்கும் மேற்பட்டோரை மாதக்கணக்கில் வெளியேற்றி வைத்தார்கள். பெருவெடிப்பு வரவேயில்லை. பிழைப்பு கெட்டது, விஞ்ஞானிகளே ஒருவரோடொருவர் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள்.

புயலிலும் இதே தயக்கம்தான். எப்போது வெளியேறச் சொல்வது என்ற கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். புயல் கரையைக் கடக்கும் நேரம் கெடு அல்ல. பலத்த காற்றில் பேருந்து ஓட முடியாமல் போகும் நேரமே கெடு. அது பல மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். அதிலிருந்து சாலை நெரிசலுக்கான நேரத்தைக் கழியுங்கள். மருத்துவமனைகளைக் காலி செய்யும் நேரம், படுக்கையிலேயே இருக்கும் முதியவர்களைத் தூக்கி ஏற்றும் நேரம், இருட்டிவிட்டால் வீணாகும் நேரம் எல்லாவற்றையும் கழித்தால், வெயில் அடிக்கும்போதே உத்தரவு போட வேண்டிவரும். மக்கள் வானத்தைப் பார்ப்பார்கள், நம்ப மாட்டார்கள். 2005-ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தபோது, கரையைக் கடக்க ஒரு முழு நாள்கூட மிச்சமில்லை. சொந்த வண்டி இல்லாதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். தாமதமான முடிவு எப்போதும் ஏழைகள் தலையில்தான் விடிகிறது.

பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலையில் 1991-ல் வேறு மாதிரி செய்தார்கள். எச்சரிக்கையை ஐந்து படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் என்ன பொருள் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். மலையின் அறிகுறிகள் மாற மாற, காலி செய்யும் வட்டம் 10 கிலோமீட்டரிலிருந்து 40 வரை விரிந்தது. ஜூன் 15-ல் பெருவெடிப்பு நடந்தபோது பல்லாயிரம் பேர் ஏற்கெனவே விலகியிருந்தார்கள்.

எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வது என்பதை, பதற்றம் இல்லாத நாளில் எழுதிவைத்துவிட வேண்டும். ஆற்றில் நீர் இந்த மட்டத்தைத் தொட்டால் இந்தத் தெருக்கள் காலி என்று இருந்தால், நள்ளிரவில் ஓர் அதிகாரி தனியாகத் தவிக்க வேண்டியதில்லை. மட்டம் தொட்ட பிறகு அவர் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவும் கூடாது. கூடவே ஒரு குறிப்பேடு வேண்டும்: எத்தனை மணிக்கு என்ன தகவல் வந்தது, அதை வைத்து என்ன முடிவெடுத்தோம் என்று. புயல் திசை மாறிப் போய்விட்டால், மறுநாள் விசாரிப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

நன்றி, வணக்கம்.