வேலூரில் உட்கார ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம். "உங்கள் ஊரில் என்ன இல்லை என்பதைப் பற்றிப் பேசுங்கள்" என்று நிலையத்தார் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? இல்லாததைச் சொல்லியே பேர் வாங்கிய ஊர் எங்களுடையது. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று பள்ளிக்கூடம் போகும் முன்பே எங்களுக்கு மனப்பாடம். இந்தப் பட்டியலில் ஊர்ப் பெண்களைப் பற்றியும் ஒன்று உண்டு. அதை என் வீட்டில் சொல்ல முடியாது; இங்கேயும் சொல்ல மாட்டேன்.

பட்டியல் பழசாகிவிட்டது என்பதுதான் என் கட்சி. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-லேயே மறுபடியும் லிங்கம் வைத்தாயிற்று. 2021 நவம்பரில் பாலாறு வெள்ளமாக வந்தது. ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பியது. ராஜா விஷயமும் முழு உண்மை இல்லை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் எங்கள் கோட்டையில்தான் இருந்தார், கைதியாக. 1832-ல் வேலூரிலேயே கண்ணை மூடினார். அவருக்கு முன்பு திப்பு சுல்தானின் பிள்ளைகள் இருந்தார்கள். 1806 ஜூலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, இனி இவர்கள் இங்கே வேண்டாம் என்று வெள்ளைக்காரர்கள் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று வேலூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். இன்று கல்கத்தாவிலிருந்து நாள் தவறாமல் வேலூருக்கு வருகிறார்கள். ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் இன்று சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. அதை நம்பி வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். காந்தி சாலைப் பக்கம் போனால் பெயர்ப்பலகைகளில் வங்க எழுத்து. லாட்ஜில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு. கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை மாடியிலிருந்து தெருவுக்கு இறங்கும்.

ஊரில் என்ன குறை என்று நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். அப்துல்லாபுரம் விமான நிலையம் என்றார் ஒருவர். பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை என்றார் இன்னொருவர். அவருடைய இரண்டு பேரும் பெங்களூரில் இருக்கிறார்கள். இரண்டும் நியாயம்தான். நான் கேட்பது அதைவிட மலிவானது. உட்கார ஓர் இடம். மேலே கொஞ்சம் நிழல்.

வேலூரை நாங்களே வெயிலூர் என்றுதான் சொல்வோம். சுற்றிலும் பாறை மலைகள். பகலில் குடித்த வெயிலை அவை ராத்திரியில் திருப்பித் தரும். கத்திரி வெயிலில் ரத்தப் பரிசோதனை முடிவு நாலு மணிக்கு என்று சொன்னால், பதினொரு மணிக்கு வெளியே வந்தவர் எங்கே போவார்? கோட்டைப் பூங்கா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நடக்க முடிந்தவர்களுக்கு. நடைபாதை என்று ஒன்று இருக்கும் இடத்தில் பைக் நிற்கிறது. மிச்சம் இருப்பது கடைப் படிக்கட்டு. அதிலும் யாரும் உட்காராதபடி காலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி வைக்கும் கடைகளை எனக்குத் தெரியும். அவர்களையும் திட்ட மனம் வரவில்லை. வாசலை அடைத்து ஆள் உட்கார்ந்திருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?

போன மே மாதம் நான் சட்டை தைக்கக் கொடுத்திருந்த தையல் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். படியில் ஓர் அம்மாள், கையில் சங்கு வளையல். பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர், கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். அந்த அம்மாள் எக்ஸ்ரே உறையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே படம் இருக்கிறது. விசிறும்போதெல்லாம் தகரம்போல் சத்தம் வந்தது. என்னைக் கடைக்காரர் என்று நினைத்துவிட்டார்போலிருக்கிறது. சட்டென்று எழுந்து, அவரையும் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். "உட்காருங்கம்மா" என்றேன். புரியவில்லை. கையைக் காட்டினேன். போகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். இந்தத் தெருவில் எல்லோருக்கும் கொஞ்சம் வங்காளி தெரியும்: வாருங்கள், எவ்வளவு, அறை இருக்கிறது. அவர் பூட்டைத் திறந்து, தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த முக்காலியைத் தூக்கி வந்து வெளியே போட்டார். "போஷுன்" என்றார். உட்காருங்கள் என்று அர்த்தமாம்.

பெரியவர் முக்காலியில் உட்கார்ந்தார். அன்று என் சட்டை தயாராகவில்லை. இயந்திரத்தின் முன்னால் உட்காரக் கடைக்காரருக்கு வேறு முக்காலி இல்லை.

வணக்கம்.