முப்பது ஆண்டு அடக்கம், ஆயிரம் ஆண்டு நிரப்பல்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், ஏவ்பரிக்குத் தெற்கே, வெஸ்ட் கென்னட் ஈமமேடு, அதாவது இறந்தவர்களை உள்ளே வைத்த பழங்கால மேடு, கிடக்கிறது. நீளம் ஏறக்குறைய 100 மீட்டர். ஆனால் ஐந்து அறைகளும் நடைவழியும் கிழக்கு முனையில் 12 மீட்டருக்குள் அடங்கிவிடும். செத்தவர்களுக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. பார்க்கிறவர்களுக்காகத்தான் நீட்டியிருக்க வேண்டும்.

நடுவில் சார்சன் என்னும் கடினமான மணற்பாறைகளைக் குவித்தார்கள். இருபுறமும் பள்ளம் தோண்டி, வெட்டியெடுத்த வெள்ளைச் சுண்ணப்பாறைத் துண்டுகளை அதன்மேல் கொட்டினார்கள். அந்தக் காலத்தில் மான்கொம்புதான் கடப்பாரை. அறைச் சுவருக்கு நிறுத்திய சார்சன்கள் செதுக்காதவை; ஆகவே இடையில் சந்து விழும். அதை அடைக்கச் சாந்தில்லாமல் தட்டையான சுண்ணாம்புக்கற்களை அடுக்கினார்கள். அந்தச் சுண்ணாம்புக்கல் உள்ளூர்ச் சரக்கல்ல. சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தது. மேலே ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் உள்ளே நீளும். கடைசியில் ஒரு மூடுகல். நீட்டிய கல்லின் பின்பக்கத்தை மேட்டின் பாரம் அழுத்துவதால்தான் அது கவிழாமல் நிற்கிறது. மேலேயிருந்து தோண்டினால் ஆபத்து என்பது இதனால்தான்.

1859இல் ஜான் தர்னம் மேற்கறையையும் நடைவழியின் ஒரு பகுதியையும் கண்டார். பக்கத்து அறைகள் நான்கும் பிற்காலத்தில் கொட்டிய நிரப்பு மண்ணுக்குள் மறைந்திருந்ததால் தப்பின. 1955–56இல் தொல்லியலாளர்கள் பிகட்டும் அட்கின்சனும் அவற்றைத் திறந்தார்கள். மொத்தம் சுமார் 36 பேரின் எலும்புகள்.

நிரப்பு மண்ணில் பிற்காலப் பானையோடுகளும் கிடந்தன. அதனால் பல நூற்றாண்டுகள் இங்கே அடக்கம் நடந்ததென்று நெடுநாள் நம்பினார்கள். ஓடுகள் எலும்புக்கு மேலே கிடந்தவை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிறகு எலும்புகளையே, வயதைக் கணிக்கும் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தார்கள். உதிரி எலும்பு எங்கிருந்தோ எடுத்துவந்த பழைய எலும்பாக இருக்கலாம். மூட்டுக் கழலாத எலும்பு என்றால் உடலோடு வந்தது உறுதி. கார்பன் அளவீட்டோடு, எது கீழே எது மேலே கிடந்தது என்ற அடுக்கு வரிசையையும் சேர்த்துப் புள்ளியியலால் கணக்கிட்டு, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அடக்கம் தொடங்கியது கி.மு. 3650ஐ ஒட்டி, நடந்தது ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், அதிகம் போனால் முப்பது ஆண்டு மட்டுமே. நிரப்பும் வேலைதான் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இழுத்தது. கடைசியில் பெருங்கற்களை நிறுத்தி வாசலையும் அடைத்துவிட்டார்கள்.

இன்றைய தொல்லை மெழுகுவர்த்தி. வழிபட வருகிறவர்கள் ஏற்றிவைக்கிறார்கள். கரி படிகிறது, சூட்டில் கல் வெடிக்கிறது. உள்ளே போகிறவர்கள் டார்ச் எடுத்துச் செல்லுங்கள். சீரமைப்பின்போது மேற்கறைக் கூரையில் பதித்த கண்ணாடி வழியாகவும் கொஞ்சம் வெளிச்சம் வரும்.