739 ரூபாய்க்கு ஒரு ராத்திரி தூக்கம் போச்சு

ஹாய் மக்களே, கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி இருக்குல்ல, அழல, தூங்கல, அவ்ளோதான். பேய் புக்குன்னா மொட்டை மாடி, மத்தியான வெயில்னு நான் ரூல் வெச்சிருக்கேன்ல, நேத்து நானே அதை உடைச்சுட்டேன்.

புக்கு பேரு ‘பாய்ஸ் இன் த வேலி’, பிலிப் ஃப்ரகாசி எழுதுனது. வேலின்னா முள்வேலி இல்லப்பா, பள்ளத்தாக்கு.

முதல்ல விலை கதைய சொல்லிடறேன். ஏழு மாசமா விஷ்லிஸ்ட்ல 1,340லயே குத்தவெச்சு உக்காந்திருந்துச்சு, போன வாரம் பார்த்தா 799! நான் பஸ்ல இருக்கேன், ஓடிபி வரமாட்டேங்குது, போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டறேன், கண்டக்டர் முறைக்கிறாரு, எப்படியோ ஆர்டர் விழுந்துச்சு. வந்து பார்த்தா அட்டை மூலை இந்தா இப்படி மடங்கிக் கிடக்கு. என்னைப் பத்திதான் தெரியுமே, மூணு போட்டோ எடுத்து அனுப்பி, ரெண்டு நாள் சண்டை போட்டு, 60 ரூபா ரீஃபண்ட் வாங்கிட்டேன். ஆக 739. அம்மா ‘60 ரூபாய்க்கா இவ்ளோ’ங்கறாங்க, அறுபதுன்னாலும் என் காசு.

சரி கதை. பென்சில்வேனியால ஒரு ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்கு, செயின்ட் வின்சென்ட்ஸ்னு பாதிரியாருங்க நடத்தற பசங்க அனாதை இல்லம், 30 பசங்க. ஒரு புயல் ராத்திரி சில ஆளுங்க கதவைத் தட்டறாங்க, அதுல ஒருத்தனுக்கு பலமான காயம், உடம்புல தோலைக் கீறி என்னென்னமோ குறி போட்டிருக்கு. அவன் செத்ததும் அவனுக்குள்ள இருந்தது நோய் மாதிரி பசங்களுக்குப் பரவுது, பசங்க ரெண்டு கட்சியா பிரியறானுங்க. இதுக்கு மேல சொல்லமாட்டேன்.

ஐயோ, வருஷத்தை விட்டுட்டேன், 1905ல நடக்குது. போன் இல்ல, பக்கத்துல ஊர் இல்ல, குளிர்காலம் வேற, கத்தினா யாருக்குக் கேக்கும்?

ஆனா நான் உறைஞ்சு போனது பேய் வர்றதுக்கு முன்னாடியே. ஃபாதர் பூல்னு ஒருத்தர், தப்பு பண்ற பசங்கள வெளிய ஒரு குழிக்குள்ள இறக்கிப் பூட்டற ஆளு. வேலியே பயிரை மேயறதுன்னு சொல்வாங்கல்ல, அதான், இப்ப சொல்லுங்க, டைட்டில்ல இருக்கறது முள்வேலின்னு நான் படிச்சது தப்பா? அதுக்காக எல்லா பாதிரியாரும் வில்லன்னு எழுதல, ஃபாதர் ஆண்ட்ரூன்னு தங்கமான மனுஷன் இருக்காரு, அவர் வர்ற பக்கம்லாம் நிம்மதியா மூச்சு விட்டேன்.

ஹீரோ பீட்டர், பாதிரியார் ஆகறதா இல்ல பக்கத்துப் பண்ணைப் பொண்ணு பின்னாடி போறதான்னு தவிக்கிற பையன். அவன் வர்ற இடம் மட்டும் ‘நான்’னு அவனே சொல்றான், மத்தவங்க கதைய எழுத்தாளர் வெளிய இருந்து சொல்றாரு, இந்த மாறி மாறி வர்றது எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஆரம்பம் ஸ்லோன்னு திட்டறவங்க கிட்ட எனக்குப் பேச்சே இல்ல, பசங்க பேரு மனசுல பதியாம அவனுங்க சாகும்போது உங்களுக்கு என்ன வலிக்கும்?

ஒண்ணு, சின்னப் பசங்க சாவு நிறைய இருக்கு, நேரடியாவே எழுதியிருக்காரு. கைக்குழந்தை வெச்சிருக்கவங்க யோசிச்சுப் படிங்க, என் அக்காவுக்கு நான் இதைத் தரமாட்டேன்.

முன்ன 2021ல லிமிடெட் எடிஷனா வந்துச்சு, 2023லதான் எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி போட்டாங்க. இப்ப செக் பண்ணேன், விலை திரும்ப 1,340. ஹா! நான் போய் தூங்கறேன், லைட்டு மட்டும் எரியட்டும்.