காசோலை யார் பெயருக்கு?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க விவசாய மானியம் என்றதும் "அங்கே அள்ளிக் கொடுக்கிறார்கள்" என்று ஒரு கட்சி, "அதனால்தான் உலகச் சந்தையில் பருத்தி விலை விழுகிறது" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. நான் பேச வந்தது வேறு. அந்தக் காசோலையை யார் பெயருக்கு எழுதுகிறார்கள்?

அர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டிக்குப் போவோம். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம், அளவில் சிறியது. பருத்தி பூமி. 1933-இல் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. ரூஸ்வெல்ட் அரசு ஒரு சட்டம் போட்டது: சாகுபடியைக் குறையுங்கள், விலை ஏறும், குறைத்த நிலத்துக்கு நாங்கள் பணம் தருகிறோம் என்று. ஆனால் சட்டம் வருவதற்குள் செடி முளைத்து நின்றுவிட்டது. அந்தக் கோடையில் தெற்கு மாநிலங்களில் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுதே அழித்தார்கள். கோவேறு கழுதைகள் முரண்டு பிடித்தனவாம். பாவம், செடியை மிதித்தால் அடி விழும் என்று பழக்கி வைத்திருந்தார்கள். இப்போது மிதி என்றால் அது என்ன செய்யும்?

பாயின்செட்டில் நிலம் பெரிய பண்ணையார்களிடம் இருந்தது. உழுததும் களையெடுத்ததும் பஞ்செடுத்ததும் வாரக்குடிகள், அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்காக உழைத்தவர்கள். கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. விதையும் மாவும் பண்ணைக் கடையில் கடன். அரசு ஒப்பந்தம் போட்டது பண்ணையாரோடு. 1934-35 ஒப்பந்தக் கணக்குப்படி, தரிசு போட்ட நிலத்தில் விளைந்திருக்கக்கூடிய பருத்திக்குப் பவுண்டுக்கு நாலரை சென்ட். அதில் நாலு சென்ட் பண்ணையாருக்கு, அரை சென்ட் வாரக்குடிக்கு. அந்த அரை சென்ட்டையும் பழைய கடனில் கழித்துக்கொண்டவர்கள் உண்டு.

பணம் வருவது நிலம் தரிசாகக் கிடப்பதற்கு. அப்புறம் குடி எதற்கு? வெளியேற்றினார்கள். குடிகளைக் குறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு சொன்னது, ஆனால் "முடிந்த அளவு" என்று சேர்த்துச் சொன்னது. புகார் கொடுக்கலாம். யாரிடம்? உள்ளூர்க் குழுவிடம். குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் பண்ணையார்கள்!

1934 ஜூலையில் அதே கவுண்டியின் டைரோன்சா ஊருக்குப் பக்கத்தில் பதினெட்டு பேர் கூடி, தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பதினொரு வெள்ளையர், ஏழு கறுப்பர். இன ஒதுக்கல் சட்டமாக இருந்த மண்ணில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை. அடி, உதை, துப்பாக்கிச்சூடு எல்லாம் பார்த்தார்கள். வாஷிங்டனில் அந்த ஏழாம் பிரிவுக்குக் குடிகளுக்குச் சாதகமாகப் பொருள் சொன்ன வேளாண் துறை வழக்கறிஞர்களுக்கு 1935 பிப்ரவரியில் வேலை போயிற்று. மறு வருடம் உச்ச நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது, அதுவும் வரி விவகாரத்துக்காக. குடிகளைப் பற்றி அங்கே யாருக்குக் கவலை?

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. நெல்லும் பருத்தியும் விளையும் கவுண்டிகளுக்கு இன்றும் பணம் போகிறது. கணக்கு 'அடிப்படை ஏக்கர்' மேல்; அதாவது, முன்பு ஒரு காலத்தில் அந்த நிலத்தில் பயிரிட்டதாகப் பதிவான அளவு. 1996-இல் வந்த நேரடித் தொகை முறையில், டெக்சாஸில் நெல் போடுவதையே நிறுத்திவிட்ட நிலத்துக்கும் நெல் காசு வந்தது. அந்த நேரடித் தொகையை 2014 வேளாண் சட்டம்தான் நிறுத்தியது. ரொக்கக் குத்தகைக்கு எடுத்தால் மானியம் குத்தகைக்காரருக்குத்தான் என்று விதி சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் அடுத்த வருடம் குத்தகைத் தொகை ஏறிவிடும்.

ஒருவருக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் உண்டு. வருடத்துக்கு 1,25,000 டாலராக இருந்ததை 2025-இல் 1,55,000 ஆக்கினார்கள். குடும்பக் கூட்டுப் பண்ணையில் ஆளுக்கு ஒரு வரம்பு. 2018 வேளாண் சட்டம் சித்தப்பா பிள்ளைகள், அண்ணன் பிள்ளைகள் வரை குடும்பக் கணக்கில் சேர்த்தது. பங்காளிகள் இத்தனை ஒற்றுமையாக ஒரே பண்ணையில் கையெழுத்துப் போடுவதை நம்மூரில் நான் பார்த்ததில்லை! அவர்களில் எல்லோரும் டிராக்டர் ஏற வேண்டும் என்றில்லை. நிர்வாகத்தில் பங்கெடுப்பதாகக் காட்டினால் போதும், காசோலை வீடு தேடி வந்துவிடும்.