கடற்புல்லுக்கு எட்டும் வெளிச்சம்

நேயர்களுக்கு வணக்கம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழக அரசு கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடல்பசு, அதாவது நம் மீனவர்கள் சொல்லும் ஆவுளியா, மேய்வது கடற்புல்லை. அந்தப் புல்லுக்கோ தரை வரை வெயில் இறங்க வேண்டும். கடலின் மேல் விழும் ஒளியில் சராசரியாக 11 சதவீதமாவது கிடைத்தால்தான் அது தாக்குப்பிடிக்கும்.

ஒளியைக் குறைப்பவை நான்கு. முதலாவது தண்ணீரே. தெளிந்த நீரும் சிவப்பை வேகமாக உறிஞ்சிவிடும். 10 மீட்டருக்குக் கீழே சிவப்பு மீன் கறுப்பாகத் தெரிவது அதனால்தான். அடுத்தது, மக்கிய இலைதழையிலிருந்து ஊறிவரும் மஞ்சள் கரைசல். இது நீலத்தைத் தின்றுவிடுவதால், ஆறுகள் நிறையக் கலக்கும் பால்டிக் கடலில் ஆழம் வரை போவது பச்சை ஒளிதான். மிதவைப்பாசி நீலம், சிவப்பு இரண்டையும் எடுத்துக்கொள்ளும். கடைசியாகச் சேறு. இது ஒளியைச் சிதறடித்துப் பாதையை நீளமாக்குகிறது. படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி கடல்தரையைக் கிளறும்போது நடப்பது இதுதான்.

ஒளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 1865-இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி மத்தியதரைக் கடலில் சோதித்த வெள்ளைத் தட்டு போதும். 30 சென்டிமீட்டர் அகலத் தட்டின் அடியில் எடை கட்டுங்கள். எடை குறைந்தால் நீரோட்டத்தில் கயிறு சாய்ந்து, ஆழம் கூடுதலாகக் காட்டும். நைலான் கயிறு நனைந்தால் நீளும், வேண்டாம். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள், படகின் நிழல் பக்கம் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கையில் மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். தரை தட்டியும் தட்டு தெரிந்தால் அந்த ஆழம் அளவு ஆகாது. 'இதைவிட அதிகம்' என்றே எழுத வேண்டும்.

இனி கணக்கு. 1.7-ஐத் தட்டு மறைந்த ஆழத்தால் வகுத்தால் ஒளி குறையும் வீதம் வரும். 2.2-ஐ அந்த வீதத்தால் வகுத்தால் 11 சதவீத ஒளி எட்டும் ஆழம். தட்டு 2 மீட்டரில் மறைந்தால், வீதம் 0.85, புல்லின் எல்லை சுமார் 2.6 மீட்டர். கலங்கல் கூடி 1 மீட்டரிலேயே மறைந்தால் எல்லை 1.3 மீட்டராகச் சுருங்கும். இரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் புல்வெளி அப்போது பட்டினிதான். ஒருநாள் கலங்கலைப் புல் வேர்த்தண்டில் சேர்த்த மாவுச்சத்தைக் கொண்டு சமாளிக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் மடியும். ஆகவே ஒரே அளவீட்டை நம்பாதீர்கள். காற்று நாள், அமைதி நாள், ஏற்றம், வற்றம் என்று மாற்றி மாற்றி அளக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சேற்றுநீரில் தட்டு சீக்கிரம் மறைந்தாலும் ஒளி அதே வேகத்தில் தீர்ந்துவிடுவதில்லை. அங்கே 1.7-க்குப் பதில் 1.4 பொருத்தம். இலை மேல் படியும் சேறும் பாசியும் இந்தக் கணக்கில் வரவே வராது. சில இலைகளைப் பிடித்து விரலால் வழித்துப் பார்த்து, படலம் எவ்வளவு என்பதையும் அதே ஏட்டில் எழுதிவையுங்கள்.